மேற்பிரிவோடு கயிறு இழுத்தல்

ஹல்துமுல்லைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று இரண்டு பிரிவு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. சித்திரை வருசப் பிறப்பு விளையாட்டில், பெண்கள் எந்தப் பிரிவில் வாக்கப்பட்டிருக்கிறார்களோ அந்தப் பிரிவுக்குத்தான் கயிறு இழுக்க வேண்டும். நான் மேற்பிரிவில் பிறந்து கீழ்ப்பிரிவுக்கு வாக்கப்பட்டவள். என் அக்கா மேற்பிரிவிலேயே கட்டிக்கொண்டாள். அதனால் வருசா வருசம் கயிற்றின் ஒரு முனையில் அவள், மறுமுனையில் நான்.

மேற்பிரிவு தோற்றதே கிடையாது. அங்கே மலை செங்குத்து. கொழுந்து மூட்டையோடு ஏறி இறங்கிக் குதிகால் இரும்பாகிப் போனவர்கள் அவர்கள். அக்கா கடைசி ஆளாக நின்று, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கின்மேல் கயிற்றைச் சுற்றிக்கொண்டால், கோயில் தூணை இழுப்பது மாதிரிதான். போட்டியில் ஜெயிப்பதெல்லாம் எனக்குப் பேராசை. அக்காவின் கால் ஒரே ஒரு தடவை எங்கள் பக்கம் நகர வேண்டும், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் விளையாட்டுக் குழுவில் இருக்கிறார். டிவியில் கிரிக்கெட் பார்த்துப் பார்த்து வந்த ஞானம் அவருக்கு நிறைய. "ஒரே டீம் ஜெயிச்சுக்கிட்டே இருந்தா வெளையாட்டு செத்துப் போயிரும் புள்ள. சரிக்குச் சரி இருக்கணும்" என்று சொல்லி, ஒரு வருசம் சீட்டுக் குலுக்கி இரண்டு பிரிவையும் கலந்துவிட்டார்.

நானும் அக்காவும் ஒரே பக்கம் விழுந்தோம். எதிரே அக்காவின் நாத்தனாரும், என்னோடு தினமும் கொழுந்து எடுக்கிறவர்களும் நின்றார்கள். விசில் ஊதினார்கள். கயிறு நடுவிலேயே கிடந்தது. யாரைப் பார்த்துப் பல்லைக் கடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்த சனம் பணிஸ் ரொட்டி தின்னும் போட்டிப் பக்கம் போய்விட்டது. கடைசியில் சமன் என்று அறிவித்து, பரிசான கோதுமை மாவு மூட்டையைப் பாதி பாதியாகக் கொடுத்தார்கள். அக்காவுக்கு வந்ததே கோபம்!

"மாவு பங்கு போட கயிறு எதுக்குங்க தம்பி? அளக்க ஒரு சுண்டு பத்தாதா?" என்று என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டாள். மனுசன் பணிஸ் போட்டிப் பக்கம் நழுவிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

அடுத்த வருசம், பழையபடி பிரித்துவிடுங்கள் என்று முதலில் போய் நின்றது தோற்கிற நாங்கள்தான். "ஒங்களுக்கு என்ன பைத்தியமா?" என்றார் அவர். கேட்டுவிட்டோம், இனி ரோசத்தைக் காப்பாற்ற வேண்டுமே. கொழுந்து நிறுத்துவிட்டு வரும் சாயங்காலங்களில், லயத்து வீடுகளுக்குக் கீழே நிற்கும் டர்பன்டைன் மரத்தில் கயிற்றைக் கட்டி இழுத்துப் பழகினோம். சேதி மேலே எட்டியதும் அக்கா போன் எடுத்து, "மரம் வந்துச்சாடி?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எதிரே அப்படி ஒருத்தி நிற்காவிட்டால், வேலை முடிந்த களைப்போடு எவள் போய் மரத்தை இழுப்பாள்? சரிக்குச் சரி என்பதைக் குலுக்கல் சீட்டா கொண்டுவந்து தரும்?

வருசப் பிறப்பு விளையாட்டில் மூன்று இழுப்பு. முதலாவதில் வழக்கம்போல் மண்ணைக் கவ்வினோம். இரண்டாவதில் கயிறு மெல்ல எங்கள் பக்கம் வந்தது. அக்காவின் குதிகால் புல்லைப் பிய்த்துக்கொண்டு ஓரடி நகர்ந்தது, பிறகு இன்னோரடி, அப்புறம் நிற்கவே இல்லை. சனம் போட்ட கூச்சலில் விசில்கூடக் கேட்கவில்லை. நான் அழுதேவிட்டேன். மூன்றாவதை அவர்களே ஜெயித்தார்கள், அதுவும் மூச்சுத் திணறித்தான்.

பிறகு, மலைத் தண்ணீர் விழும் பீலியில் கை கழுவ வந்த அக்கா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். தோல் உரிந்து சிவந்திருந்தது. தண்ணீர் பட்டதும் ஸ்ஸ் என்றாள்.

"எத்தன வருசமா இழுக்குறேன். இன்னைக்குத்தான்டி ஜெயிச்ச மாதிரி இருக்கு."

தோற்ற எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லி, அவளை இன்னும் பெரிய ஆளாக்குவானேன்?