அழிக்காத கடைசி வரி

1. பிக்கரிங்கிலிருந்து நகருக்குப் போகும் காலை ரயிலில், காவலாளி உடுப்புடன் ஓர் அங்கிள் என் பக்கத்தில் இருந்தார்.
2. தன் மாலை வகுப்புக்காக ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பக்கத்தைப் பிழை பார்த்துத் தரச் சொன்னார்.
3. நான் பார்த்தேன்.

வகுப்பில் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க யதார்த்தவாத எழுத்து நடக்கிறதாம். அதே முறையில் தன் வாழ்க்கையின் ஒரு நாளை அவர் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். நான் வாசிக்கும்போதே எட்டி, அலங்காரமான சொற்களை அழிரப்பரால் அழித்துக்கொண்டிருந்தார். ‘மனைவி’ என்ற சொல்லுக்கு முன்னால் இருந்த ‘அழகான’ என்பதும் போனது.

கடைசி வரியில் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி, கழுவாத றைஸ் குக்கரைப் பார்த்து ஏசுகிறார்.

“முடிவுதான் அங்கிள் நல்லா இருக்கு. அப்பிடியே நடந்த மாதிரி,” என்றேன்.

“உது ஒண்டுதான் பிள்ளை நடக்கேல்லை. அவ வீட்டை வரேல்லை.” அந்த வரிமேல் அழிரப்பரை வைத்து, மறுபடி எடுத்தார். “உண்மையை எழுதோணும் எண்டு ரீச்சர் சொன்னவ. எனக்குக் கை வருகுதில்லை. நீங்களே அழிச்சு விடுங்கோ.”

அழிரப்பரை நீட்டினார். நான் வாங்கவில்லை. இரண்டு எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவரை ரயிலில் காணவில்லை. எந்த முடிவுடன் அந்தப் பக்கத்தை வகுப்பில் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது.