லுமாங் கட்சியின் டெல்லிச் செயலாளர்

விருதுநகர்க்காரரான இராஜமாணிக்கம் டெல்லியில் ஒரு மத்திய அமைச்சகத்தில் முப்பத்துநான்கு வருஷம் குப்பை கொட்டினார். அவர் மேஜைக்கு வந்தவையெல்லாம் கோரிக்கை மனுக்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.'

ஓய்வு பெற்றதும் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, மனைவி தமிழ்செல்வியோடு முனிர்காவில் ஒரு மூன்றாவது மாடிக்குக் குடிபோனார். எதிர்க் கதவில் ஒரு பலகை தொங்கியது: 'லுமாங் மலைமக்கள் கட்சி, டெல்லி அலுவலகம்.' வடகிழக்கு மலைகளில் வாழும் லுமாங் இனத்தாருக்குத் தன்னாட்சி மாவட்டம் கேட்டு இருபது வருஷமாக நடையாய் நடக்கும் கட்சி. இராஜமாணிக்கம் அவசரமாகத் தன் கதவைச் சாத்திக்கொண்டார். அவர்களுக்கு வருஷம் தவறாமல் பதில் அனுப்பியவர் அவர்தான்.

அலுவலகத்தைக் கவனித்துவந்த செம்சன், வாசலில் இராஜமாணிக்கத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு மறுநாளே ஒரு கோப்போடு வந்து நின்றார்.

"பாபுஜி, இந்தக் கையெழுத்து உங்களுதா?" என்று இந்தியில் கேட்டார்.

"ஆமா."

சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், செம்சன் கைகூப்பிவிட்டார். "டெல்லியில எங்க மனுவைப் படிச்ச ஒரே ஆள் நீங்கதான்!"

இராஜமாணிக்கம் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல முடியாத சங்கடத்தில், அடுத்த மனுவைத் தானே எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டார்.

"இம்புட்டு வருஷம் கிடப்புல போட்டதே நீங்கதான். இப்பத் தூக்கி நிறுத்தப் போறீகளாக்கும்?" என்றாள் தமிழ்செல்வி.

பழைய மனுக்களை உட்கார்ந்து படித்தார். பிள்ளைகள் ஆற்றைக் கடந்து பள்ளிக்குப் போகிறார்கள். போனால் வாத்தியார் பேசுவது அவர்களுக்குப் புரிவதில்லை. அன்று சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் கடைசி மனுவரை படித்தார். பிறகு எழுதினார். பரிசீலனை எந்த அறையில், எந்தத் தேதியிலிருந்து, யாரிடம் இருக்கிறது என்று பதினோரு கேள்விகள்.

லுமாங் சால்வையைப் போர்த்திக்கொண்டு கட்சியின் தூதுக்குழுவோடு அமைச்சகத்துக்கு அவரே போனார். அவரிடம் வேலை பழகிய கௌதமன்தான் இப்போது அவருடைய பழைய நாற்காலியில் இருந்தான்.

"சார், நீங்க எப்ப சார் லுமாங் ஆனீங்க?"

"அது கெடக்கட்டும். பதினொண்ணுக்கும் பதில் போடு. வழக்கமான பதிலைப் போட்டே, அதுக்கும் நான் மனு எழுதுவேன்."

இரண்டே மாதத்தில் பேச்சுவார்த்தைக்கு அழைப்பு வந்தது. தமிழ்செல்வி பாயசம் வைத்தாள். கட்சி சார்பில் ஐந்து பேர் வரலாம் என்றது கடிதம். ஐந்தாவது ஆள் யார் என்பதில் செம்சனுக்கும் மலையிலிருந்து வந்த தலைவர் தோபிக்கும் முட்டிக்கொண்டது. பாயசம் ஆறுவதற்குள் கட்சி இரண்டாகிவிட்டது. அலுவலகத்துக்கு நடுவே ஒரு திரை தொங்கியது. திரைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இராஜமாணிக்கம்தான் டெல்லிச் செயலாளராக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் அடம்பிடித்தார்கள்.

"சரி, இருக்கேன்" என்றார். "ஆனா எழுதுறது ஒரே மனுதான். ஆளுக்கொரு நகல் எடுத்துக்கங்க."

எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருந்த இரண்டு மனுக்களைப் பார்த்துக் குழம்பிய கௌதமன், பத்து நாற்காலி போடச் சொன்னான்.

பேச்சுவார்த்தையில் தன்னாட்சி கிடைக்கவில்லை. லுமாங் மொழியிலேயே பாடம் நடத்த நான்கு பள்ளிக்கூடங்கள் கிடைத்தன. அணிக்கு இரண்டு என்று பங்கு வைத்துக்கொண்டு, ஒரே நாளில் திரையின் இரு பக்கமும் வெற்றி விழா நடந்தது. இராஜமாணிக்கம் இரண்டு விழாவிலும் பேசினார், இரண்டு பந்தியிலும் சாப்பிட்டார். சாயங்காலம் தமிழ்செல்வி ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள்.