கருவாட்டுப் பரணில் கார் சீட்டு

ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் மீனவர் குப்பத்தில் கார் ஓட்டுகிற பெண் ஜாக்குலின் ஒருத்திதான். பக்கத்து வீட்டுக்காரி, படகுக்குப் போகிற சாம்சனின் பெண்டாட்டி. மீஞ்சூர் கம்பெனியில் நாள் முழுக்க நின்று கால் வீங்கி வீடு வருவாள். அதை விட்டுவிட்டு வண்டி ஓட்டப் படித்தாள். சென்னையில் யாரோ கழித்துவிட்ட காரை வாங்கி, ஏரி பார்க்க வருகிறவர்களை ஏற்றி இறக்கினாள்.

எஞ்சினைக் குறை சொல்ல முடியாது. சீட்டுதான் போய்விட்டது. அசல் தோல் சீட்டு அது. வெயிலில் காய்ந்ததும், ஈரப்புடவையோடு ஏறும் எங்களிடமிருந்து ஏரியின் உப்புத் தண்ணீரைக் குடித்ததும் சேர்ந்து, கோடையில் ஏரிச் சேறு வெடிக்கிற மாதிரி வெடித்துக் கிடந்தது. ஒரு தடவை உட்கார்ந்த வெளியூர்க்காரர்கள் மறுதடவை கூப்பிடவில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்று சாம்சன் பேச்செடுத்தான். வண்டி போனால் மறுபடி கம்பெனியில் போய் நிற்க வேண்டியதுதான்.

அப்போதுதான் டாக்டரம்மா கோமளா, மீஞ்சூரிலிருந்து எங்கள் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குத் தினமும் வந்துபோக ஒரு கார் தேடினார். "திங்கக்கிழமை வாங்க. ஒத்துவந்தா உங்களையே வச்சுக்கிறேன்" என்று ஜாக்குலினிடம் சொல்லியிருந்தார்.

"பேசாம கிழிச்சுப் போட்டுட்டு ரெக்சின் தெச்சிடுடி" என்றேன்.

"உன் மூஞ்சில சுருக்கம் விழுந்துச்சுன்னு வேற மூஞ்சியா மாத்துனோம், ஆயா?"

"என் மூஞ்சில யாரும் ஏறி உக்காரப் போறதில்லடி."

சிரித்தாளே தவிர கேட்கவில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், ரெக்சின் ஒன்றும் கெட்ட சாமான் இல்லை. போகட்டும்.

விரிசல் அடைக்கிற பசையும் தோலுக்குப் பூசுகிற சாயமும் வாங்க அவள் சென்னையில் தோல் கடைகள் இருக்கிற பெரியமேட்டுக்கு ரயில் ஏறினாள். அந்த நேரம் பார்த்து சாம்சனுக்குப் பாசம் பொங்கிவிட்டது. அவன் நைனா விட்டுப்போன மரப்படகு ஒன்று கரையில் இருக்கிறது. மரம் வெடிக்காமல் இருக்க அதற்கு மீன் எண்ணெய் பூசுவான். பெண்டாட்டி திரும்புவதற்குள் வேலையை முடித்து வைப்போம் என்று, அதே எண்ணெயை அதே துணியில் தொட்டுச் சீட்டு முழுக்கத் தேய்த்துவிட்டான்.

ஜாக்குலின் வந்து கார் கதவைத் திறந்தாள். திறந்த வேகத்தில் மூடினாள்.

"இன்னாய்யா பண்ணி வச்சிருக்கே?"

"தொட்டுப் பாரு, எப்பிடி மெத்துனு ஆயிடுச்சு! மரத்துக்கே ஒத்துக்குது, தோலுக்கு ஆவாதா?"

"டாக்டரம்மா மூக்கைக் கழட்டி வீட்ல வச்சுட்டு வருவாங்களா? விரிசல்ல எல்லாம் எறங்கிடுச்சேய்யா. எண்ணெ மேல பசையும் ஒட்டாது, சாயமும் ஒட்டாது."

நான் அவள் அழுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தாள். சீட்டுகளைக் கழற்றி வெளியே இழுத்துப் போட்டாள். பிறகு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஆயா, உன் புதுப் பரண் வேணும்."

கருவாடு காயப் போட அப்போதுதான் புது மூங்கிலில் பரண் கட்டியிருந்தேன். பரண்மேல் முதலில் மீன்தான் ஏற வேண்டும். அது எங்கள் வழக்கம்.

"முடியாது. மொதல்ல மீனு ஏறட்டும்."

"அதான் மீனெண்ணெ இருக்கே. மீனு ஏறுன கணக்குதான்" என்றாள். அந்த வாயை என்ன செய்வது! ஏற்றிவிட்டாள்.

அவள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. தரையில் வைத்தால் மேலே மட்டும்தான் காற்று படும். பரணில் அடியிலும் ஏரிக் காற்று புகுந்து போகும். வெயிலில் வைத்தால் தோல் சுருங்கும் என்று மேலே பாய் கட்டினாள். காக்காய்க்குப் பயந்து பழைய வலையைப் போர்த்தினாள். எண்ணெயை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, விரிசலுக்குள் முகப்பவுடரைக் கொட்டினாள். பவுடர் எண்ணெயைக் குடித்துக் கட்டியானதும் மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுத்தாள். மறுபடி கொட்டினாள். கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது சீட்டு.

வாசனைக்குக் குப்பத்துப் பூனையெல்லாம் பரணைச் சுற்றி வந்தன. சாம்சன் விரட்டப் போனான்.

"வுடுய்யா. அதுங்க போச்சுன்னாத்தான் எண்ணெ போச்சுன்னு அர்த்தம். எனக்கே தெரியாதது அதுங்களுக்குத் தெரியும்."

சோப்பு நுரையைத் தொட்டுத் தொட்டுத் துடைத்தாள். தண்ணீரைக் கொட்டவே இல்லை. சனிக்கிழமை ஒரு பூனைதான் மிச்சம், என் வீட்டுக் கிழப் பூனை. அது என்னை மாதிரி, சுலபத்தில் விடாது. சீட்டுக்குப் பவுடரும் நுரையும் இன்னொரு முறை போட்டாள். பொழுது சாய அந்தப் பூனை சீட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. ஜாக்குலின் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதன் பிறகுதான் பசையைத் தொட்டாள். விரிசலில் மெல்லிசாகத் தடவி, காயவிட்டு, உப்புத்தாளால் இழைத்து, திரும்பவும் தடவினாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து பஞ்சால் சாயம் ஒற்றினாள். ஒரே பூச்சாகப் பூசித் தொலைத்தால் என்ன என்று கேட்டேன். மெல்லிசாகப் பூசினால்தான் உரியாதாம். கடைசியாக ஒரு காப்புப் பூச்சு. மேலே கட்டிய பாய் காற்றில் ஆடாமல் சாம்சன்தான் பிடித்துக்கொண்டு நின்றான். எதையும் தொடக்கூடாது என்று அவனுக்கு உத்தரவு.

திங்கட்கிழமை காலையில் சீட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் வேலை ஓடாமல் வாசலிலேயே இருந்தேன். கார் திரும்பி வந்து நின்றது. இறங்கினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னாடி சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல ஆயா. ஏறுனாங்க, கண்ணாடிய ஏத்திவுடச் சொன்னாங்க, தூங்கிட்டாங்க. எறங்கறப்போ, நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்கன்னாங்க."

கண்ணாடியை ஏற்றிய காரில் தூக்கம் வந்ததென்றால், அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? வண்டியை விற்கிற பேச்சை அதன் பிறகு சாம்சன் எடுக்கவில்லை.

இப்போது அந்தக் காரை வெயிலில் நிறுத்தமாட்டாள். நிறுத்தினால் சீட்டின்மேல் துணி போடுவாள். மாதம் தவறாமல் தோலுக்கான தைலத்தைத் தடவுவாள். யார் ஏறினாலும் துண்டு விரித்துத்தான் உட்கார வேண்டும், சாம்சன் கால் கழுவிவிட்டுத்தான் ஏற வேண்டும். போன வாரம் எனக்கும் துண்டை நீட்டினாள்.

"எம் பொடவ காஞ்சிதான்டி இருக்குது."

"தெரியும். விரிச்சு உக்காரு ஆயா."

பரண் கொடுத்தவளுக்கே இந்தச் சட்டம். நன்றாகத் திட்டிவிட்டு, விரித்துத்தான் உட்கார்ந்தேன்.