இளநீர் குடித்துக் கொடுத்த டப்பா

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மணலூர்பேட்டைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கத்தரித் தோட்டத்தில் இன்றும் காய் பறிப்பவள் நான்தான்.

பூச்சிமருந்து எங்கள் உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க, ஒரு ஆராய்ச்சிப் பெண் ஊருக்கு வந்தாள். பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு டப்பா கொடுத்து, மறுநாள் காலையில் சிறுநீர் பிடித்துத் தரச் சொன்னாள். என் டப்பாவில் குறை இருக்கலாமா? விருந்தாளி வருமுன் வீட்டைக் கழுவுவதுபோல, விடிந்ததும் இரண்டு இளநீரும் ஒரு சொம்பு நீராகாரமும் குடித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்து அவள் திரும்ப வந்தாள்.

"இன்னா ஆயா, வெறும் தண்ணி மாதிரி இருக்குது. இத வச்சி ஒண்ணும் சொல்ல முடியாதுங்க."

நடந்ததைச் சொன்னேன்.

"எங்க அத்தைக்கு இதுலயும் மொத மார்க்கு வாங்கணும்!" என்று மருமகள் சிரித்தாள்.

அவள் இடுப்பில் இருந்த ஏழு மாதப் பேரனைப் பார்த்து ஆராய்ச்சிப் பெண் கேட்டாள்: "இவன யாருங்க ஜாஸ்தி தூக்கிக்கினு இருக்கறது?"

"நான்தான்."

"அப்ப இவனுக்காகவாவது உள்ளத உள்ளபடி குடுங்க ஆயா. உங்க பொடவையில ஒட்டிக்கினு வர்றது இவன் வாய்க்குத்தான் போவும்."

மறுபடி கொடுத்தேன். மருந்து அதிகமாகவே இருந்தது.

இப்போதெல்லாம் தோட்டத்திலிருந்து வந்தால், அவன் கையை நீட்டி அழுதாலும், குளித்துப் புடவை மாற்றிய பிறகுதான் தூக்குகிறேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால்தான் எழுத்துக்கூட்டி இதை எழுதினேன். பெரிய பேத்தியைக் கூப்பிட்டேன்.

"படிச்சிக் காட்டு கண்ணு. ஆயா ஏன் ஓடியாந்து தூக்கலன்னு, பெருசானா தம்பிக்குப் புரியுமான்னு பாக்கறேன்."