கூக்கால் சூட்டுப் பெட்டிக்கு ஆள் தேடிப் போனது

எழுபத்தொன்பதாம் வருடம், கார்த்திகை மாதம். பழனி அடிவாரத்தில் விபூதிக் கடை வைத்திருக்கும் நான், மலையேறி முருகனைத் தரிசிக்க நேரமில்லாமல், கீழே நின்றபடியே கும்பிட்டுவிட்டு வெள்ளனே பஸ் ஏறினேன். வத்தலக்குண்டில் இறங்கி மலை பஸ் பிடித்தேன். வழியெல்லாம் மழை.

என் மகள் செல்லம்மாளைக் கூக்காலில் பூண்டு விவசாயிக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். முதல் குழந்தை ஏழாம் மாதமே பிறந்து, குளிர் தாங்காமல் போய்விட்டது. இப்போது மறுபடியும் ஏழு மாதம், அதற்குள் இரண்டு முறை வலி கண்டுவிட்டது. பஸ்ஸில் குலுங்கினால் வழியிலேயே பிறந்துவிடும், கீழே இறக்கக் கூடாது என்று அங்குள்ள சின்ன ஆஸ்பத்திரி நர்சம்மா சொல்லிவிட்டார்.

அந்த நர்சம்மா, குறைமாதக் குழந்தைகளுக்கென்று தம் யோசனையில் ஒரு மரப்பெட்டி செய்து வைத்திருந்தார். அடியில் வெந்நீர்த் தகரம், பக்கவாட்டில் காற்றுக்குத் துவாரங்கள், மேலே கண்ணாடி. அதில் இரண்டு பிள்ளைகள் பிழைத்தன. மூன்றாவது, ஆஸ்பத்திரி பெருக்கும் ராக்காயியின் பிள்ளை, பெட்டிக்குள்ளேயே இறந்துவிட்டது. அதிலிருந்து ஊரார் அதைச் சவப்பெட்டி என்றார்கள். நர்சம்மா சாக்கைப் போட்டு மூடியதுதான், பிறகு தொடவே இல்லை. சூடும் காற்றும் தெரிந்த ஆள் பார்த்துச் சரி என்று சொல்லாமல் இனி எந்தக் குழந்தையையும் வைக்காதே என்று கோடைக்கானல் டாக்டரும் சொல்லிவிட்டார். அந்த ஆளைத் தேடித்தான் என் பயணம்.

காலை பத்தரைக்குப் பெருமாள்மலை. அடுப்பும் பாய்லரும் பழுதுபார்க்கும் முத்தையா என்பவரை விசாரித்துப் பிடித்தேன். இலங்கைத் தோட்டத்தில், 'இஸ்டோர்' என்கிற தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலை காயவைக்கும் சூட்டறையில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

"புள்ள செத்த பெட்டியா? அதுக்கு பொலிஸ்காரனக் கூப்புடுங்க ஐயா. நான் இஸ்டோர்ல கொழுந்து காயவச்ச ஆளு."

"எம் மகளுக்குங்க. வேற ஆளு தெரியலைங்க" என்று விபூதிப் பொட்டலத்தை நீட்டினேன்.

"இத எனக்கு எதுக்குத் தாறீங்க? அந்தப் பெட்டிக்குப் பூசுங்க" என்றார். ஆனாலும் வெப்பமானியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார்.

பன்னிரண்டு கிலோமீட்டர் ஏறிக் கோடைக்கானல். அங்கிருந்து கூக்கால் நாற்பது கிலோமீட்டர், ஒரே பஸ். பூண்டு மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டே போனோம். மன்னவனூர் தாண்டியதும் மூடுபனி. பகலிலேயே விளக்குப் போட்டுத்தான் பஸ் ஓடியது.

மூன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். முத்தையா பெட்டியில் வெந்நீர் ஊற்றி வெப்பமானி வைத்துப் பார்த்தார். சூடு சரியாக நின்றது. பிறகு என்னிடம் ஊதுவத்தி கேட்டு வாங்கிக் கொளுத்தித் துவாரத்தின் அருகே பிடித்தார். புகை உள்ளே போகவில்லை, வெளியிலேயே சுழன்றது. கம்பியை விட்டுக் குடைந்தார். பழைய சேலைக் கிழிசல் வந்தது. அடுத்த துவாரத்திலும் அதேதான். சுவரை ஒட்டிய பக்கம் எல்லாத் துவாரங்களும் அடைபட்டிருந்தன.

நர்சம்மா அந்தத் துணியைக் கையில் வாங்கியதும் சுவரில் சாய்ந்துவிட்டார். "ராக்காயி சேலை. நான் இன்னொரு பிரசவத்துக்குப் போயிருந்தப்ப அவதான் காவலுக்கு இருந்தா."

பச்சைப் பிள்ளைக்குக் காற்றுப் படக்கூடாது என்பது நம் வீடுகளில் எல்லாரும் சொல்வதுதானே. என் மனைவியாக இருந்தாலும் அடைத்திருப்பாள்.

"அவகிட்டச் சொல்லாதீங்கம்மா" என்றேன். நர்சம்மா அந்தத் துணியை மடித்துத் தம் பையில் வைத்துக்கொண்டார்.

முத்தையா ஒரு எண்ணெய் டின்னை வெட்டி, துவாரத்துக்கு ஒன்றாக வளைந்த குழாய்கள் செய்து, யாரும் அடைக்க முடியாதபடி ஆணியடித்தார். மறுபடி ஊதுவத்தி. புகை சரசரவென்று உள்ளே போனது. "இனிப் புள்ளைய வைக்கலாம்" என்றார். நான் செல்லம்மாளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை மனைவியை அழைத்துவரக் கிளம்பினேன். முத்தையாவும் கூட வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றிருந்தது. நாங்கள் விடைபெறும்போது ராக்காயி விளக்குமாற்றோடு முன்னறைக்கு வந்து பெட்டியையே பார்த்தாள்.

"முன்னாடி இந்தக் கொழா இல்லையேண்ணே. எதுக்கு?"

முத்தையா தலையைத் திருப்பிக்கொண்டார். "எலி வராம இருக்கத்தான் தங்கச்சி."

"எலியும் வருமா? நல்லவேளை, எம்புள்ள கெடந்தப்ப நான் ஒரு ஓட்டை விடாம அடச்சுத்தான் வச்சிருந்தேன்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு தாயின் திருப்தி இருந்தது. தன்னால் ஆனதைச் செய்துவிட்ட திருப்தி.

நர்சம்மா மெதுவாக வந்து அவள் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கினார். "ராக்காயி, உள்ள வா தாயி. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." இருவரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

பஸ் புறப்பட்டது. எத்தனையோ பேர் வேண்டுதலோடு வரும் ஊரில் பிறந்தவன் நான். வேண்டிக்கொள்ளச் சொல்லித் தரவேண்டியதில்லை. முருகா என்று கூப்பிட்டேன். மகளுக்காக என்று தொடங்கியவனுக்கு அதற்குமேல் வாய் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அழுகை கேட்டுவிடக் கூடாது என்பதுபோல், முத்தையா ஜன்னல் பக்கத்துக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.