ஆணியில் ஒரு பாதிச் சீட்டு

கிழக்குத் தாம்பரத்திலிருந்து சனிக்கிழமைதோறும் சாயங்காலம் நானும் மனைவியும் மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் காரில் அந்தக் கடற்கரைக்குப் போவோம். பல வருஷப் பழக்கம். போன வருஷம் சவுக்குத்தோப்பை ஒட்டி வேலி போட்டு, ஒரு வாசல் வைத்து, பராமரிப்புச் செலவுக்கு என்று ஆளுக்கு இருபது ரூபாய் வாங்க ஆரம்பித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடல் என்ன யார் அப்பன் வீட்டுச் சொத்தா? ஒழுங்காக வரி கட்டுகிறவன்தானே நான்? எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். இரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதோடு சரி.

மனைவி பள்ளி ஆசிரியை. மறுபேச்சில்லாமல் காசை நீட்டிவிடுவாள். வேலி வருவதற்கு முன்னால் அதே மணலில் பாட்டில் சில்லு ஏறி அவள் பாதத்தில் நான்கு தையல் போட வேண்டியிருந்தது. குப்பை பொறுக்குகிறவர்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பார்கள் என்று கேட்பாள். ஆனாலும் என் வீம்பு விடாது. அவள் வாசல் வழியாகப் போவாள். நான் தோப்புக்குள் கம்பி தளர்ந்திருந்த இடத்தில் குனிந்து நுழைந்து, உள்ளே அவளோடு சேர்ந்துகொள்வேன். ஐம்பத்தெட்டு வயதில் இந்தத் திருட்டுத்தனம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வாசலில் வரிசையாக ஆணி அடித்த ஒரு பலகை உண்டு. டிக்கெட்டைக் கிழித்து ஒரு பாதியை நம்மிடம் கொடுத்துவிட்டு, மறு பாதியை ஆணியில் குத்திவைப்பார்கள். வெளியே வரும்போது நம் பாதியைக் காட்டினால், அதே எண்ணுள்ள பாதியை ஆணியிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஆறு மணிக்கு விசில் ஊதியபிறகும் பலகையில் சீட்டு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். லைஃப்கார்டுகள் இரண்டு பேரும் தேடிப் போக வேண்டும். பலகை காலியாகிவிட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பலாம்.

பொங்கல் கூட்டம் ஓய்ந்த ஒரு சனிக்கிழமை, டிக்கெட் கொடுக்கும் அம்மாவின் எதிரிலேயே மனைவி சொன்னாள்: "இன்னைக்காவது டிக்கெட் எடுத்துக்கிட்டு மனுஷன் மாதிரி வாங்களேன்." பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்த அந்த அம்மா தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்புதான் என்னைச் சுட்டது. போன் மனைவியின் கைப்பையில் இருந்தது. அதைக்கூட வாங்கிக்கொள்ளாமல் விறுவிறுவென்று தோப்புக்குள் போய்விட்டேன்.

கோபத்தில் அவளிடம் போகாமல் தெற்கே திரும்பினேன். எல்லைக் கயிற்றைத் தாண்டினால் அந்தப் பக்கம் யாரும் கூட்டுவதில்லை, காவலும் இல்லை. செத்து ஒதுங்கிய ஆமை ஒன்று கிடந்தது. அதன் கண் இருந்த குழியிலிருந்து ஒரு நண்டு வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனது. இன்னும் கொஞ்ச தூரத்தில், சிவப்புத் துணியால் வாய் கட்டிய மண் கலயம் ஒன்று, கடலில் விட்டதைக் கடலே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தாற்போல் உடையாமல் கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். முகத்துவாரத்தில் ஒரு மணல்திட்டு. அதில் போய் உட்கார்ந்து, மனதுக்குள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தபோது நான் நடந்து வந்த வழியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கினேன். முதல் அடியில் முழங்கால், அடுத்த அடியில் இடுப்பு. காலடியில் மணல் நழுவியது. எனக்கு நீச்சல் தெரியாது. விழுந்தடித்துத் திட்டின் மேல் ஏறிக்கொண்டேன். திட்டும் குறுகிக்கொண்டே வந்தது.

தூரத்தில் விசில் சத்தம் கேட்டது. வேலிக்குள் இருந்த கூட்டம் வாசலை நோக்கிப் போனது. கத்தினேன். எதிர்க்காற்று. பிறகு துப்புரவுப் பெண்கள் நான்கு பேர் வரிசையாக வந்தார்கள். கடலைப் பார்த்தபடி, நீளமான வாருகோலை மணலில் இழுத்துக்கொண்டே பின்னோக்கி நடந்தார்கள். அவர்கள் நகர நகர, அன்றைக்கு வந்துபோன எல்லோருடைய கால்தடமும் அழிந்தது. ஒருத்தி நின்று என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். இரண்டு கையையும் வீசினேன். அவள் பார்த்தாள் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் மறுபடி குனிந்து, இழுத்தபடியே பின்னால் போய்விட்டாள்.

மணல் வழவழவென்று வெளிறிக் கிடந்தது. வேலிக்குள் இருந்த விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தபோது என்னவோ தோன்றி, என் பெயரை நானே உரக்கச் சொல்லிப் பார்த்தேன். என் காதிலேயே விழவில்லை. வாழ்க்கையில் அப்படி நான் பயந்ததில்லை.

அந்த நேரத்தில் வாசலில் நடந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மனைவி தன் பாதியைக் காட்டிவிட்டு வெளியே வந்து, காரிலும் டீக்கடையிலும் தோப்பிலும் தேடியிருக்கிறாள். திரும்ப ஓடிவந்து, அவர் உள்ளேதான் இருக்கிறார் என்றிருக்கிறாள். லைஃப்கார்டுகள் பலகையைக் காட்டினார்கள். ஒரு சீட்டும் இல்லை. ஏற்கெனவே இரண்டு மூன்று முறை இப்படி யாரோ சொல்லி, தேடித் தேடி அலுத்தபிறகு அந்த ஆள் ரோட்டோரம் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தானாம். மணலும் வாரியாகிவிட்டது, உள்ளே ஒருவரும் இல்லை என்று சாதித்துவிட்டார்கள். கையெழுத்துப் புத்தகத்தைத் திறந்தும்விட்டார்கள்.

மனைவி கைப்பையிலிருந்து இருபது ரூபாயை எடுத்து நீட்டி, ஒரு டிக்கெட் கேட்டிருக்கிறாள். கவுண்டர் மூடிவிட்டது என்று அவர்கள் சொல்லச் சொல்ல, அந்தக் குப்பத்து அம்மா மறுபடி பெட்டியைத் திறந்து டிக்கெட்டைக் கிழித்தார். ஒரு பாதியை அவரே ஆணியில் குத்தினார். பிறகு அந்த இருவரிடம் சொன்னார்: "இப்போ ஆணில ஒண்ணு கீது. அத்த எடுக்காம நீங்க போவ முடியாது. டார்ச்ச எடு."

கயிற்றைத் தாண்டி இரண்டு வெளிச்சம் வருவதைப் பார்த்தபோது தண்ணீர் என் தொடையில் இருந்தது. மிதவையைப் போட்டு இழுத்தார்கள். கரையேறியதும் அவர்கள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

வாசலில் மனைவி டிக்கெட்டின் பாதியை என் ஈரக் கையில் வைத்தாள். அந்த அம்மா அதை வாங்கி எண்ணைச் சரிபார்த்து, ஆணியிலிருந்து மறு பாதியை எடுத்தார்.

மனைவிதான் காரை ஓட்டினாள். நான் ஈரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திட்டுவாள் என்று மேடவாக்கம் தாண்டும்வரை காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் வண்டி நின்றதும், சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"உள்ள யாரும் இல்லன்னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. மணல்ல ஒரு கால்தடம்கூட இல்ல. ஒரு நிமிஷம், நான் தனியாத்தான் வந்தேன்னு எனக்கே தோணிடுச்சுங்க."