வின்ரர் ரயரும் வெள்ளைச் சட்டையும்

எங்கள் ஐயாவிடம் ஒரு லொறி இருந்தது. வெங்காயமும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு வன்னிப் பக்கம் போய்வருவார். மாரி தொடங்கிவிட்டால் அந்தக் காட்டுப் பாதைச் சேற்றில், நல்ல ரயர் இல்லாத லொறி எருமை மாதிரிப் படுத்துவிடும். அதனால் மழைக்கு முன்னம் யாழ்ப்பாணம் ரவுனுக்குப் போய் ரயர் வாங்குவது எங்கள் வீட்டில் பெரிய காரியம். ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு ஏழோ எட்டோ வயது. திருவிழாவுக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போடச் சொன்னவரும் ஐயாதான். ரயர் கடைக்கு ஏன் வெள்ளைச் சட்டை என்று அம்மா முணுமுணுத்தது இன்னும் காதில் கிடக்கிறது.

கடைக்காரர் ஐயாவுக்கு மச்சான் முறை. சோடா உடைத்துத் தந்து உபசரித்தார். பழைய ரயர்கள்தான், ஆனால் கண்ணாடி மாதிரி மினுங்கின. ஒன்றைப் படுக்கவைத்து, மற்றதை அதன் பின்னால் சுவரோடு சாத்திக் காட்டினார். ஐயா அவற்றைத் தொடவேயில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊர்ப் புதினம் கதைத்தார். பிறகு என்னைப் பார்த்து, களைத்துப் போனாய், அதில் இரு என்றார். நான் பயந்து பயந்து நுனியில் இருந்தேன்.

"நல்லாச் சாஞ்சு இரு, பிள்ளை."

அவ்வளவு அன்பாக ஐயா பேசி நான் கேட்டதில்லை. நன்றாகச் சாய்ந்தேன். எழும்பினால் முதுகெல்லாம் ஒரே கறுப்பு. நான் அழத் தொடங்க, மச்சான்காரர் நிலத்தைப் பார்த்தார். சின்னப்பிள்ளைதானே, விடு என்று மட்டும் ஐயா சொன்னார். வேறு ரயர்களோடு வீட்டுக்கு வெளிக்கிட்டோம். வழியில் எனக்கு ஐஸ்பழம் வாங்கித் தந்தார். வீட்டில் அம்மா முதுகில் இரண்டு போட்டாள். ஐயா சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு சிரித்தார். சட்டையைப் பழுதாக்கியதை அவர் மன்னித்துவிட்டார், அதற்குத்தான் ஐஸ்பழம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போன கார்த்திகை வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எனக்கு இப்போது ரொறன்ரோவில், ரூஜில், மகள் வீட்டில் சீவியம். தொழிற்சாலை வேலை போனபின் மருமகன் ஒரு பழைய பிக்கப் வாங்கி, பக்கத்து ஊர் அஜக்ஸில் ஒரு கடைத்தொகுதிக்கு ஸ்னோ தள்ளி வழி துப்புரவாக்கும் வேலையைப் பேசி எடுத்திருந்தார். முதல் ஸ்னோவுக்கே வண்டி வழுக்கினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று அங்கே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்களாம். பிக்கப் ரயர் பாரம் தாங்க வேண்டியது, கார் ரயரைவிட விலை கூட. புதிது விசாரித்த இடங்களிலெல்லாம் விலையைக் கேட்டுவிட்டு, கட்டாது என்று திரும்பி வந்தார். கடைசியில் பழைய ரயர் விற்கும் ஒரு தெரிந்த ஆளின் கராஜுக்குப் போனோம். கோயிலில் காண்கிற மனிதர், மருமகனின் தம்பியோடு படித்தவர். அப்படியே கோயிலுக்கும் போகலாம் என்று நானும் மகளும் ஏறிக்கொண்டோம். மகள் புதிதாக வாங்கித் தந்த பால்நிற ஜக்கெற்றைப் போட்டிருந்தேன்.

ரயரின் பக்கத்தில் ஒரு மலையும் அதற்குள் பனிப்பூவும் பொறித்திருக்க வேண்டும், அதுதான் குளிர்காலத்துக்கான அசல் வின்ரர் ரயர் என்று மருமகன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அங்கே அடுக்கியிருந்தவற்றில் மலையும் இருந்தது, பூவும் இருந்தது. கறுகறுவென்று மினுங்கவும் செய்தன.

"உது ஒரு வின்ரர்தான் ஓடினது. நம்பி எடுங்கோ, அண்ணை," என்றார் கடைக்காரர்.

மருமகன் இரண்டு கையையும் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு நின்றார். அந்த நிற்பை எனக்குத் தெரியும். தெரிந்த மனிதனின் சாமானை அவன் கண் முன்னாலேயே உரசிப் பார்த்தால், நீ கள்ளன் என்று சொன்ன மாதிரி. வெள்ளிக்கிழமை கோயிலில் எந்த முகத்தோடு கண்டு கதைப்பது? அந்த நேரத்தில்தான் ஐயாவின் பின்னால் கட்டிய கைகள் எனக்குப் பிடிபட்டன. அவர் தொட்டால் குற்றம். பிள்ளை இருந்தால் என்ன குற்றம்? கிழவி இருந்தால்தான் என்ன குற்றம்?

"தம்பி, எனக்குக் கால் உளையுது. உதிலை கொஞ்சம் இருக்கிறன்."

"பொறுங்கோ அன்ரி, கதிரை எடுத்து வாறன்."

கதிரை வருமுன் நான் ஒரு ரயரில் இருந்துவிட்டேன். பின்னால் அடுக்கியிருந்த ரயர்களில் நன்றாகச் சாய்ந்தும் இருந்தேன். முதுகை ஒரு தரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்தேன்.

எழும்பியதும் மகளுக்கு உயிர் போய்விட்டது. "புது ஜக்கெற் அம்மா. ஏனம்மா உப்பிடிச் செய்யிறியள்?"

மருமகன் ஜக்கெற்றைத் துடைக்கக் குனிந்தவர், ரயரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். பூசியிருந்த கறுப்பு மை போன இடமெல்லாம் என் குதிக்கால் மாதிரி வெடிப்பு. குளிருக்குக் கல்லாகிற கிழட்டு ரப்பர். கடைக்காரர் கொண்டுவந்த கதிரையை நிலத்தில் வைத்தார்.

"அண்ணை, பின்னுக்கு வேறை ஒரு செற் கிடக்கு. பார்க்க வடிவில்லை, ஆனா வயசு குறைவு."

தூசி படிந்த நாலு ரயர், பூட்டியிருந்த சாதாரண இரும்பு வளையத்தோடு வந்தன. பிக்கப்பில் கிடந்த பெரிய வளையத்தைவிடச் சின்னது, அதனால் விலையும் குறைவு, உங்கள் பிக்கப்புக்குப் பொருந்தும் என்றார். இப்போது மருமகன் முழங்காலில் இருந்து, மலையையும் பூவையும் விரலால் தடவி, நகத்தால் அமத்திப் பார்த்தார். மெத்தென்று அமிழ்ந்தது. கடைக்காரர் கேட்ட விலையிலும் கொஞ்சம் குறைத்து, அன்ரியின்ரை ஜக்கெற் கழுவுற காசையும் கழிச்சிருக்கு என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகும் கோயிலில் கண்டால் கதைக்கிறோம்.

முதல் ஸ்னோ கொட்டின விடியல், எங்கள் தெருவின் ஏற்றத்தில் பக்கத்து வீட்டுப் பெரிய கார் நின்ற இடத்திலேயே சில்லைச் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் பழைய பிக்கப் அதைத் தாண்டி, முன்னுக்கு ஸ்னோ தள்ளுகிற இரும்புத் தட்டைத் தூக்கிக்கொண்டு, மாடு தண்ணீருக்குப் போகிற மாதிரி நிதானமாக ஏறிப் போனது. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். வெயில் ஏறுவதற்குள் அஜக்ஸிலிருந்து போன் வந்தது. "மாமி, முடிச்சிட்டன். வின்ரர் முழுக்க வேலை எங்களுக்குத்தானாம்."

ஜக்கெற்றைக் கழுவக் கொடுக்கவேண்டும் என்று மகள் இன்னும் நச்சரிக்கிறாள். நான் விடவில்லை. முதுகுக் கறுப்போடுதான் கோயிலுக்கும் போகிறேன், கேட்கிறவர்களுக்குக் கதையையும் சொல்கிறேன்.

அந்த ஐஸ்பழம் மன்னிப்பு அல்ல. அது என் கூலி.